விரலில் இல்லாத மை

இருபது ஆண்டுகளுக்கு மேல் மறைத்து வைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். 2004 ஏப்ரலில் நடந்த கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை.

குடியிருந்தது கொள்ளேகாலில்; பெயர் மட்டும் சந்தேமரஹள்ளித் தொகுதியில், பழைய ஊர்ப் பட்டியலிலேயே இருந்தது. வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். அடுத்ததில் போகலாம் என்று வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

"அப்பா, மை எங்கே?" என்று மகள் என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். கழுவும்போது போய்விட்டது என்றேன். நாடு முழுவதற்கும் அந்த மை 1962 முதல் நம் மைசூரிலிருந்துதான் போகிறது. கழுவினால் போகாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் ஒன்றும் பேசாமல் கையை விட்டுவிட்டாள்.

மே மாதம் எண்ணினார்கள். காங்கிரஸின் துருவநாராயணாவுக்கு 40,752. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்திக்கு 40,751. ஒரே ஒரு ஓட்டு. நான் போட நினைத்திருந்தது கிருஷ்ணமூர்த்திக்கு. போட்டிருந்தால் சமமாகியிருக்கும், சட்டப்படி சீட்டுக் குலுக்கியிருப்பார்கள்.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபை அது. தரம்சிங் முதல்வர், சித்தராமையா துணை முதல்வர் என்று கட்சிகள் பேசி முடித்தன. நமக்கு இருப்பது எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டு ஒன்றுதான். முதல்வரும் துணை முதல்வரும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். அந்த ஓட்டை நான் தூங்கித் தொலைத்தேன்.

இதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு செய்தது. தோற்ற வேட்பாளரின் கார் ஓட்டுநரே வேலை காரணமாக ஓட்டுப் போடவில்லை என்று பேச்சுப் பரவியது. டீக்கடையில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவர் வேலையில் இருந்தார். நான் பாயில் கிடந்தேன்.

2023இல் கிருஷ்ணமூர்த்தி காங்கிரஸ் வேட்பாளராகக் கொள்ளேகாலில் 59 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். வாக்குப்பதிவு அன்று காலை முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டேன். பழைய கணக்கு அதனால் தீரவில்லை.

முகம் தெரியாத அந்த ஓட்டுநரிடமும், என் மகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.