சொறி பிடித்த குருளை

தமிழில் நாயைப்போலப் பலவாறு பாராட்டப்பட்டதும் பலவாறு இகழப்பட்டதுமான விலங்கு வேறொன்று இல்லை எனலாம். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என அதற்குப் பெயர் பல. அதன் இளமைப்பெயர் குருளை என்றும், பறழ் எனினும் தவறில்லை என்றும் தொல்காப்பிய மரபியல் கூறும். புலியின் குட்டிக்கும் அந்நூல் அப்பெயரையே உரித்தாக்குகின்றது. புலியோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட அச்சிற்றுயிர், மேனியில் மயிர் உதிர்ந்து சொறி கண்ட அன்றே ‘சொறிநாய்’ என்னும் ஒரு வசைச்சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றது. அச்சொல்லால் மனிதர் மனிதரையும் வைகின்றனர். வசைக்குப் பின்னே ஒரு நோய் உண்டு என்பதையும், அந்நோய்க்கு மருந்து உண்டு என்பதையும் நினைப்பார் சிலரே. அந்நோயோடு சில வாரம் பழகி அறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் இல்லம் சென்னையில், அடையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அண்மையில், ஊரூர் ஒல்காட் குப்பத்தில் உள்ளது. பிரம்மஞான சபையின் தலைமையிடம் 1882-ஆம் ஆண்டில் அடையாற்றில் அமைந்தது. அச்சபையின் முதல் தலைவராகிய கர்னல் ஒல்காட்டின் பெயரை இம்மீனவர் ஊர் தாங்கி நிற்கின்றது. ஒருபால் சபையின் சோலை. ஒருபால் எலியட்ஸ் கடற்கரை. இடையே மணலும், படகும், வலையும், கருவாட்டு மணமும். இங்கே நாய்கள் படகின் நிழலில் ஈன்று, கழித்தெறிந்த மீனை உண்டு வளர்கின்றன. அவை எவர்க்கும் உரியன அல்ல. ஆயினும் எல்லார்க்கும் அறிமுகமானவை.

சென்ற கார்த்திகை மழையில், கவிழ்த்து வைத்த படகொன்றின் அடியிலிருந்து ஒரு பெண் குட்டியை என் தம்பி எடுத்துவந்தான். அவன் எட்டு வயதினன். குட்டிக்கு இரண்டு திங்கள் இருக்கலாம். செம்பழுப்பு நிறம், வெள்ளிய மார்பு, ஈரத்தால் ஒடுங்கிய உடல். ‘மத்தி’ என்று அதற்கு அவனே பெயரிட்டான். மீனின் பெயரை நாய்க்கு இடுவது எங்கள் தெருவில் வியப்பன்று.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் இரவில் அக்குட்டி உறங்காமல் சொறிந்துகொண்டே இருந்தது. விளக்கை ஏற்றிப் பார்த்தபொழுது, அதன் செவியோரங்களில் மயிர் உதிர்ந்து சாம்பல் நிறமான பொருக்குப் படிந்திருக்கக் கண்டேன். முழங்கை மூட்டிலும் அடிவயிற்றிலும் செந்நிறத் தடிப்புக்கள் இருந்தன. ஒரு வாரம் கழிவதற்குள், தம்பியின் முன்கையிலும் வயிற்றிலும் சிறுசிறு கொப்புளங்கள் அரிப்புடன் தோன்றின. அவன் குட்டியை மடியில் வைத்திருந்த இடங்களே அவை.

அன்று முதல் எம் வீடு நீதிமன்றம் ஆயிற்று. அண்டை வீட்டார் மூவகை அறிவுரை கூறினர். எதிர்வீட்டு மாமா, கடலிலே முப்பது ஆண்டு பழகியவர். “தம்பி, போட் இஞ்சினிலே இருந்து எடுத்த பழைய ஆயில் என்கிட்டே இருக்கு. ஒருதரம் உடம்பெல்லாம் தடவிவிடு, புழுவெல்லாம் செத்துப்போகும்” என்றார். மற்றொருவர், ஒரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்புக் குழாயொன்றைக் கொணர்ந்து, தம்பிக்கும் நாய்க்கும் அதுவே போதும் என்றார். என் பாட்டியார் இரண்டையும் ஏற்கவில்லை. “பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டதே! ஆற்றுக்கு அந்தண்டை கொண்டுபோய் விட்டுவிடு, ராசா, கர்த்தர் அதைப் பார்த்துக்கொள்வார்” என்று கண் கலங்கிக் கூறினார். அவர் கல்நெஞ்சர் அல்லர். பேரனுடைய கையைப் பார்த்து அஞ்சியவர்.

பாட்டியாரின் அச்சத்துக்கு விடை கூறாமல் குட்டியை வீட்டில் வைத்திருத்தல் நியாயமன்று என்று எண்ணினேன். மறுநாட் காலையில் ஒரு பழைய மீன்கூடையில் கோணியை விரித்து, அதனுள் மத்தியை வைத்து, வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சென்றேன். 1903-ஆம் ஆண்டில் தோன்றிய கல்லூரி அது. மருத்துவ அம்மையார் கையுறை அணிந்து, குட்டியின் செவிமடலைத் தம் இருவிரலிடையே வைத்து மெல்லத் தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் தானாகவே காற்றில் சொறியத் தொடங்கிற்று. “இதுவே முதற் சான்று” என்றார். பின்பு தோலைச் சுரண்டி எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து நெடுநேரம் நோக்கினார். பூச்சி ஒன்றும் தென்படவில்லை. தென்படாமையால் இல்லை என்று துணிதல் கூடாது என்றும், இந்நோயில் பூச்சிகள் தொகையிற் குறைந்தும் தோலினுள் மறைந்தும் இருத்தலின் சுரண்டலில் அவை அகப்படாமற் போதல் மிகுதி என்றும், குறி கண்டு மருந்து கொடுத்துப் பார்த்தலே முறை என்றும் அவர் விளக்கினார்.

நாயின் தோலிலே மயிருதிர்க்கும் நோய்கள் பல. அவற்றுள் மூன்றனை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒன்று ‘சார்கோப்டிஸ்’ என்னும் நுண்ணிய சிலந்தியினப் பூச்சியால் வரும் சொறி. மற்றொன்று ‘டெமோடெக்ஸ்’ என்னும் பூச்சியால் வருவது. அது தாயிடமிருந்து பிறந்த சில நாளிற் குட்டிக்கு வருமேயன்றி, மனிதரைப் பற்றுவதன்று. மூன்றாவது படர்தாமரை, அது பூஞ்சையால் வருவது, நாயிடமிருந்து மனிதர்க்குத் தாராளமாகத் தொற்றும், அதன் வித்துக்கள் வீட்டிலே பல திங்கள் அழியாமல் தங்கும். மூன்றற்கும் மருத்துவமுறை ஒன்றன்று. ஆதலால், மூன்றையும் ‘சொறி’ என்னும் ஒரே பெயரால் அழைத்து ஒரே களிம்பைத் தடவுதல் அறியாமையாகும். அண்டை வீட்டார் கொணர்ந்த களிம்பைக் காட்டினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அஃது அரிப்பைச் சில நாள் அடக்கும். நோயை உள்ளே வளரவிடும் என்று கூறி அதனை விலக்கினார்.

மத்திக்கு வந்தது முதல்வகைச் சொறியே. அப்பூச்சியின் பெண் அரை மில்லிமீட்டரினும் சிறியது. தோலின் மேற்படலத்தில் சுரங்கம் தோண்டி, சென்ற வழியெல்லாம் முட்டையிட்டுச் செல்லும். முட்டை சில நாளிற் பொரித்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் புதுத் தலைமுறை எழும். மருந்தை ஒரு நாள் கொடுத்து நிறுத்துதல் ஏன் போதாது என்பதற்கு விடை இதிலேயே உள்ளது.

இவ்வுண்மை உலகுக்கு எளிதில் விளங்கவில்லை. சொறி, இரத்தத்தின் கேட்டால் வருவது என்றே பன்னூறு ஆண்டு மருத்துவர் நம்பினர். 1687-ஆம் ஆண்டில் இத்தாலியராகிய பொனோமோ என்பவர், செஸ்தோனி என்னும் மருந்தாளரோடு கூடி ஆராய்ந்து, மனிதச் சொறிக்குப் பூச்சியே காரணம் என்று ரெடி என்னும் அறிஞர்க்குக் கடிதம் வரைந்தார். எளிய பெண்டிர் தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதனையோ எடுப்பதைக் கண்டதே அவ்வாராய்ச்சிக்கு வித்து. அதன் பின்னும் உலகம் ஐயுற்றது. 1834-ஆம் ஆண்டில் ரெனூச்சி என்னும் கார்சிகத் தீவு மாணவர், தம் நாட்டு ஏழைப் பெண்டிரிடம் கற்ற அவ்வூசி வித்தையைப் பாரிஸ் மாநகரில் பேராசிரியர் முன்னிலையிற் செய்து காட்டிய பின்னரே ஐயம் தீர்ந்தது. நம்மனோராகிய மாணாக்கர் எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

மருத்துவர் குட்டியை நிறுத்துப் பார்த்து, எடைக்கும் வயதுக்கும் ஏற்ற மாத்திரை ஒன்றை அளித்து, ஒரு திங்கள் கழித்து மீண்டும் ஒன்று கொடுக்குமாறு பணித்தார். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று திங்கள் நிறைந்ததும் போடவேண்டும் என்றும் நினைவூட்டினார். இஞ்சின் ஆயிலைப் பற்றி வினவினேன். “பூச்சி சில சாகலாம், ஆனால் குட்டி அதை நக்கும். தோல் வழியாகவும் வயிற்று வழியாகவும் நஞ்சு ஏறும். சொறியிலே சாகாத குட்டி ஆயிலிலே செத்துப்போகும்” என்றார்.

தம்பியை அரசு மருத்துவமனையின் தோல்நோய் மருத்துவரிடம் காட்டினோம். நாயின் சொறிப்பூச்சி மனிதத் தோலிற் சிலநாள் கடித்துத் துன்புறுத்துமாயினும், அங்கே வழிவழியாகப் பெருகாது. மனிதரிடையே பரவும் சொறிக்குக் காரணம் அவ்வினத்தின் வேறொரு வகை. நாய் குணமுற்றால் பிள்ளையும் தானே குணமுறுவான் என்று அவர் தெளிவித்தார். அரிப்புக்கு மட்டும் மருந்து தந்தார். இம்மொழியே பாட்டியாரின் நெஞ்சை ஆற்றிற்று. “அப்படியானால் நாயைக் கைவிட வேண்டாமோ?” என்று அவரே கேட்டார்.

ஆயினும் பிரித்து வைத்தல் இன்றியமையாததாயிற்று. புறக்கடைத் திண்ணையில் மத்திக்கு இடம் அமைத்தோம். அதன் கோணியை நாள்தோறும் கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்தினோம். நீண்ட சட்டையும் கையுறையும் அணிந்து நான் ஒருவனே உணவு வைத்தேன். அக்குட்டி என் காலடி கேட்டதும் வாலைக் குழைத்து ஓடிவரும். தன்னை ஏன் ஒருவரும் மடியில் எடுப்பதில்லை என்பது அதற்கு விளங்கவில்லை. இரவிற் சிறுகுரலால் அழும். தம்பி சாளரத்தின் உட்புறம் அமர்ந்து, தன் பாடத்தை அதற்குக் கேட்குமாறு உரக்கப் படிப்பான். லேவியராகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், தோலில் நோய் தோன்றினவனை ஆசாரியன் ஏழுநாள் அடைத்து வைத்து, ஏழாம் நாளில் திரும்பப் பார்க்கவேண்டும் என்று விதித்திருத்தலை அந்நாட்களில் நினைந்தேன். அங்கே பிரிவுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை வரும்பொழுது திரும்ப வந்து பார்ப்பவன் ஒருவன் உண்டு. அவ்விரண்டும் இல்லாத பிரிவுக்குக் கைவிடுதல் என்றே பெயர்.

கைவிடுதல் சட்டத்துக்கும் மாறானது. பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறுமாறு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றமாக்கிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்து அதற்கு வழிகோலியவர் ருக்மிணிதேவி அருண்டேல். அவர் எங்கள் குப்பத்தை அடுத்த அடையாற்றுச் சோலையில் 1936-ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தவர். 1962-ஆம் ஆண்டில் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்துக்கும் எங்கள் தெருவுக்கும் உள்ள தொலைவு அரைநாழிகை நடையே.

இனி, எஞ்சிய சிக்கல் ஒன்று. மத்தியின் தாயும் உடன்பிறந்த மூன்று குட்டிகளும் படகடியில் அதே நோயோடு இருந்தன. ஒன்றனுக்கு மருந்து கொடுத்து மற்றவற்றை விட்டால், திண்ணையை விட்டு இறங்கிய நாளே மத்தியை அந்நோய் மீண்டும் பற்றும். தெருப்பிள்ளைகள் அனைவரும் அக்குட்டிகளோடு விளையாடுபவர். ஆதலின் இது எம் வீட்டுச் சிக்கல் அன்று, தெருவின் சிக்கல். இதனை எதிர்வீட்டு மாமாவிடம் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் வலையைப் பழுது பார்த்துக்கொண்டே கேட்டார். பின்பு, “எடை தெரிந்தால்தானே மாத்திரை கொடுப்பார்கள்? நம்மிடம் தராசு இல்லையா?” என்றார். மீன் நிறுக்கும் தொங்குதராசில் மீன்கூடையைக் கட்டி, குட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். தாயை மட்டும் வலைத்துண்டில் ஏந்தி நிறுத்தார். அஃது உறுமிற்றேயன்றி அவரைக் கடிக்கவில்லை. மீன் போடும் கையை அஃது அறியும்.

தெருவார் தம்மால் இயன்றதைத் தந்தனர். குட்டிகளை ஆட்டோவில் வேப்பேரிக்குக் கொண்டுசென்றோம். அதற்கு முந்திய இரவில், மூன்றனுள் மெலிந்த குட்டி மழையில் இறந்துவிட்டது. நோயால் மயிரிழந்த மேனி குளிரைத் தாங்காது என்று மருத்துவர் பின்னர் கூறினார். தம்பி அதனைத் தாழங்காட்டருகே மணலில் புதைத்தான். அன்று முழுதும் ஒருவரோடும் பேசவில்லை. தாய்க்கு மருத்துவர் தேர்ந்தளித்த மாத்திரையை மாமா ஒரு மத்தி மீனின் வயிற்றுள் வைத்து எறிந்தார். அஃது ஒரே விழுங்கில் உள்ளே சென்றது.

மூன்றாம் வாரத்தில் மத்தியின் செவியோரத்துப் பொருக்குகள் உதிர்ந்தன. நான்காம் வாரத்தில், பட்டுப்போன்ற புதுமயிர் கருநிழல்போல அரும்பிற்று. தம்பியின் கையிலிருந்த தடிப்புக்களும் மறைந்தன. இரண்டாம் மாத்திரை கொடுத்த பின்னர் மருத்துவர் பார்த்து, இனி வீட்டினுள் விடலாம் என்றார். இன்று பாட்டியார் ஜெபம் செய்யும்பொழுது அவர் பாயின் ஓரத்தில் அது படுத்திருக்கின்றது. எதிர்வீட்டு மாமாவிடம் எவரேனும் பழைய ஆயில் கேட்டு வந்தால், “ஆயில் வேண்டாம், முதலில் எடை போடு” என்கின்றார்.

மழைக்காலத்தில் தெருக்குட்டியை இரங்கி எடுத்துச் செல்லும் வழக்கம் நம் விடுதி மாணாக்கர்க்கும் உண்டு. அவர்கட்குச் சில சொல்லி முடிப்பேன். எடுத்த அன்றே மருத்துவரிடம் காட்டுக. காட்டும்வரை குழந்தைகளிடத்தும் பிற நாய்களிடத்தும் சேர்க்காதீர். ஒரு நாய்க்குத் தந்த மாத்திரையை எடை நோக்காது மற்றொன்றுக்குத் தராதீர்; வேற்றுநாட்டு மேய்ப்பு நாய் இனங்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்னும் பெயர்பெற்ற மருந்தே நஞ்சாதலும் உண்டு. மயிர் முளைத்தவுடன் நோய் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்தாதீர். ஒரு குட்டியைக் குணப்படுத்த விரும்பினால், அது பிறந்த படகடியையும் சென்று பாருங்கள்.