பின்னால எத்தனை பேரு?

சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் நடந்த ஒரு சிறு உரையாடலை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன். நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் மைய வாக்கியத்தை அது அழித்துவிட்டது.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பிய ஓவியத்தில் பெண்ணும் மோட்டார் வாகனமும் என்பது கட்டுரையின் பொருள். மொழியியல் படித்தவளுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பயணத்தைக் குறிக்கும் தமிழ் வினைச்சொற்களே என் முனைவர் பட்ட ஆய்வு. 'அவள் வண்டி ஓட்டினாள்' என்னும் தொடர் எப்போது இயல்பான தொடராயிற்று என்று தேடத் தொடங்கி, அந்தத் தொடரின் உருவமாகவே உலகெங்கும் காட்டப்படும் ஓர் ஓவியத்தின் முன் போய் நின்றேன்.

பாலக்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வர, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாற்றில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர், மூணாறு என மலையேறிப் பூப்பாறை சேரவேண்டும். அன்று மாலை திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். ஏலக்காட்டு வேலை முடிந்து வந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இவளேதான் ஓட்டுறாளா?"

"ஆமாம்மா."

"முன்னால ஒத்தையா உக்காந்திருக்கா. பின்னால எத்தனை பேரு?"

யாரும் இல்லை, அது அவளுடைய சொந்த வண்டி என்றேன். "ஆள் ஏத்தாத வண்டியா?" என்று வியந்தபடி அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். நான் சிரித்தேன். பிறகு வெகுநேரம் ஒரு வரியும் எழுத முடியவில்லை.

ஓவியம் இதுதான். தமாரா தெ லெம்பிக்கா தம்மையே வரைந்துகொண்ட 'பச்சை பூகாட்டியில் தமாரா'. ரஷ்யப் புரட்சிக்குப் பின் பாரிசுக்குத் தப்பி வந்த போலந்துக்காரர் அவர். பெர்லினிலிருந்து வெளிவந்த 'டி டாமெ' என்னும் மகளிர் இதழின் அட்டைக்காக வரைந்தது. 1929 ஜூலையில் வெளியாயிற்று. உலகம் அறிந்த இந்த ஓவியம் அளவில் மிகச் சிறியது. ஏறக்குறைய 35 செ.மீ. உயரம், 27 செ.மீ. அகலம். தலையை இறுகக் கவ்விய தோல் தொப்பி, கையுறை, சிவந்த உதடு, பாதி கவிந்த இமை. கழுத்துத் துணி மட்டும் காற்றில் புடைத்து நிற்கிறது. உண்மையில் அவரிடம் இருந்தது மஞ்சள் நிறச் சிறிய ரெனோ. ஓவியத்தில் அது பச்சை பூகாட்டியாயிற்று.

அந்தக் கழுத்துத் துணியை அன்றைய வாசகர்கள் அச்சமின்றிப் பார்த்திருக்க முடியாது. 1927 செப்டம்பரில் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் காரில் செல்கையில், அவர் கழுத்திலிருந்த நீண்ட துணி சக்கரத்தில் சிக்கி இறந்தார். அவர் வண்டியை ஓட்டவில்லை, பயணியாக அமர்ந்திருந்தார். நம் நாட்டு இருசக்கர வண்டிகளின் பின்சக்கரத்தை மறைக்கும் கம்பி வலைக்குச் 'சாரி கார்டு' என்று பெயர். பின்னிருக்கையில் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்க ஒரு காப்பு வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. விதி ஆடை என்று பொதுவாகச் சொன்னதை மக்கள் வழக்கு சேலை என்று திருத்திக்கொண்டது. பின்னால் அமர்பவர் யார் என்பதில் நமக்கு ஐயமே இருந்ததில்லை.

லெம்பிக்காவின் படம் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. செக் நாட்டின் எலிஷ்கா யுங்கோவா 1928இல் சிசிலியின் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் பூகாட்டி ஓட்டி ஐந்தாம் இடம் பெற்றார். ஜெர்மனியின் கிளேரனோரே ஸ்டின்னெஸ் 1927 முதல் 1929 வரை காரில் உலகைச் சுற்றி வந்தார். சோனியா தெலோனே 1925இல் ஆடைக்கும் சித்ரோவன் காருக்கும் ஒரே வண்ணக் கோலத்தைத் தீட்டினார். இவற்றுக்கெல்லாம் முன்பு, 1909இல், சீறிப் பாயும் பந்தயக் கார் கிரேக்கப் பெண்தெய்வத்தின் சிலையைவிட அழகியது என்று இத்தாலிய எதிர்காலவாதிகள் அறிக்கை விட்டிருந்தனர். காரையும் பெண்ணையும் அழகில் ஒப்பிட்டு நிறுத்திய அந்தப் பார்வைக்கு, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பெண் காருக்குள் அமர்ந்து விடை சொன்னார். அப்போது பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை, 1944இல்தான் கிடைத்தது. சொத்துத் தகுதி பெற்ற பெண்களுக்குச் சென்னை மாகாணம் 1921லேயே அதை வழங்கிவிட்டது. வாக்குச்சீட்டு இல்லாத நாட்டில் ஒரு பெண் சக்கரத்தைப் பிடித்திருக்கிறாள். இந்த முரணிலிருந்துதான் 'சக்கரத்தைப் பற்றிய கை விடுதலை பெற்ற கை' என்னும் என் மைய வாக்கியம் பிறந்தது.

அம்மாவின் கேள்விக்குப் பின் வேறோர் ஓவியம் நினைவுக்கு வந்தது. லெம்பிக்காவின் அட்டைப்படம் வெளிவந்த அதே 1929இல் அம்ரிதா ஷெர்கில் ஓவியம் பயிலப் பாரிசுக்குச் சென்றார். 1934 இறுதியில் இந்தியா திரும்பியவர், 1937 தொடக்கத்தில் தென்னாட்டில் பயணம் செய்தார். கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி எனச் சுற்றினார். அந்தப் பயணத்தின் விளைவுகளுள் ஒன்று 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்'. கரிய நெடிய உடல்கள் கூட்டமாக நிற்கின்றன. எவர் முகத்திலும் அவசரம் இல்லை. அந்தப் பெண்கள் நடந்து போகிறவர்கள். ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நகரத்துக் கலைச்சூழலை அறிந்த இருவர் தீட்டிய பெண்கள்: ஒருத்தி ஓட்டுகிறாள், மற்றவர்கள் நடக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் இருக்கை உண்டு. அம்மா அமர்ந்திருப்பது அங்கே. அதை வரைந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

அது ஏலக்காட்டு ஜீப்பின் பின்னிருக்கை. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் மலையேறும் ஜீப்புகளை எல்லைப்பகுதி நண்பர்கள் அறிவர். சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு எனத் தோட்டங்கள் நெடுக, காய் எடுக்கும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்துப் போய்வருகிறார்கள். பாட்டி போடிமெட்டு வளைவுகளில் அப்படித்தான் வந்தார். பூப்பாறையில் வாழ்க்கைப்பட்ட அம்மாவும் நாள்தோறும் அப்படித்தான் தோட்டத்துக்குப் போகிறார். மோட்டார் வாகனம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புதுமையாக ஒருநாளும் இருந்ததில்லை.

இங்கே என் துறைக்குத் திரும்புகிறேன். தமிழில் இயக்க வினைகள் பல இணைகளாக வரும்: ஓடு–ஓட்டு, ஏறு–ஏற்று, இறங்கு–இறக்கு, திரும்பு–திருப்பு, நில்–நிறுத்து. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் செய்வன யாவும் பிறவினைகள். ஓட்டுகிறார், திருப்புகிறார், நிறுத்துகிறார், ஆள் ஏற்றுகிறார், இறக்குகிறார். பின்னால் இருப்பவர்களுக்கு எஞ்சுவது தன்வினை: ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், வீடு திரும்புகிறார்கள். அதுவும் அவர்கள் தம்மைப் பற்றித் தாமே பேசும்போதுதான். பிறர் பேச்சில் அவர்கள் செயப்படுபொருள். "ஆள் ஏத்தியாச்சா?" என்று கேட்பார்கள். காய் மூட்டைக்கும் இதே வினைதான்.

உருபையும் கவனியுங்கள். தற்காலத் தமிழில் உயர்திணைச் செயப்படுபொருள் பொதுவாக 'ஐ' உருபை ஏற்றே வரும். 'அம்மாவை ஏற்றினான்' எனலாம். 'அம்மா ஏற்றினான்' எனல் ஆகாது. ஆயினும் 'ஆள் ஏத்து' என்பதில் உருபு இல்லை. 'பெண் பார்க்கப் போனார்கள்' என்பதிலும் இல்லை. குறிப்பிட்ட ஒருவர் மறைந்து வகை மட்டும் எஞ்சும்போது உருபும் நழுவிவிடுகிறது. 'ஓட்டுநர்' என்பது பால் காட்டாத சொல். 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநரானபோது, அந்தச் சொல்லுக்கு முன்னால் 'பெண்' என்றொரு அடை தேவைப்பட்டது. 'ஆண் ஓட்டுநர்' என்று நாம் எழுதுவதில்லை.

நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில் அம்மா சென்ற ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. அம்மாவின் இடது மணிக்கட்டு ஒடிந்தது. இன்றும் அந்தக் கை முழுதாக மடங்காது. மறுநாள் செய்தித்தாளில் ஒரு சிறு பத்தி வந்தது. அதில் ஓட்டுநரின் பெயர், ஊர், வயது இருந்தன. வண்டி 'கவிழ்ந்தது', பெண் தொழிலாளர்கள் 14 பேர் மருத்துவமனையில் 'சேர்க்கப்பட்டனர்'. அந்தப் பதினான்கில் அம்மா எத்தனையாவது ஆள் என்று தேடினேன். பதினைந்து வயதில் நான் செய்த முதல் வாக்கிய ஆய்வு அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஆயினும் மேற்சொன்ன பிறவினைகளுள் ஒன்றை எங்கள் மலைப்பெண்கள் வண்டி ஓட்டாமலேயே தமதாக்கிக்கொண்டனர். 2015 செப்டம்பரில் மூணாறில், கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் ஒன்பது நாள் போராடி 20 விழுக்காடு போனஸ் தொகையைப் பெற்றனர். அன்று அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றன என்று எழுதினால் அது தன்வினை. பெண்கள் வண்டிகளை நிறுத்தினார்கள் என்பதே சரியான தொடர்.

இனி லெம்பிக்காவை நான் குறைத்து மதிப்பிடப் போகிறேன் என்று எண்ணவேண்டாம். அகதியாக வந்து தூரிகையால் பிழைத்தவர் அவர். துணை இன்றி, எவரையும் ஏற்றிச் செல்லும் கடமையும் இன்றி ஒரு பெண் வண்டிக்குள் இருக்கலாம் என்று காட்டியது சிறிய காரியமன்று. ஆள் ஏற்றாத வண்டியை அம்மாவால் எண்ணிப்பார்க்க முடியவில்லை என்பதும் அம்மாவுக்கு நேர்ந்த ஓர் இழப்புத்தான். ஆனால் அந்தச் சட்டகம் ஓட்டுநரின் இருக்கையோடு முடிந்துவிடுகிறது என்பதை நான் பார்த்திருக்கவில்லை. சக்கரத்தைப் பற்றாத கைகளுக்கு விடுதலையில் பங்கில்லை என்று பொருள்படும் வாக்கியத்தை, மணிக்கட்டு மடங்காத ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதியிருக்கிறேன். அதை நீக்கிவிட்டேன். கட்டுரை இப்போது அம்மாவின் கேள்வியோடு தொடங்குகிறது.

புறப்படும் நாளில், ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பேருந்து வரும் நேரத்தில் சொன்னார்:

"கத்துக்கிட்டு வா. ஒரு நாளைக்கு என்னை ஏத்திக்கிட்டுப் போ. நான் முன்னால உக்கார்றேன்."