ப்யூஸின் உத்தியோகம்

ஓடுகிற வண்டிக்குக் காற்று இனாம். நிற்கிற வண்டிக்குத்தான் விசிறி வேண்டும். ஆனால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி, எஞ்சின் மெதுவானால் தானும் மெதுவாகிவிடும். கும்மிடிப்பூண்டிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

என் நண்பரிடம் ஒரு பழைய பஜேரோ இருக்கிறது. 2002-இல் விற்பனைக்கு வந்த ரகம். திருவள்ளூர் அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டியது. அதற்கு மின்சார விசிறி வைக்கப் போனோம்.

"சுவிட்சிலேயே நேராகக் கொடுத்துவிடுங்களேன்!" என்றார் நண்பர்.

மெக்கானிக் சிரித்தார். "இது வீட்டு விசிறி இல்லை, சார். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர்கூட இழுக்கும். கிளம்பும்போது இன்னும் அதிகம். சின்ன சுவிட்சு தாங்குமா?"

நடுவே ஒரு ரிலே வைத்தார். ரேடியேட்டரின் சூடு அறியும் சுவிட்சு உத்தரவு மட்டும் போடும். பாரத்தைச் சுமப்பது பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி. பாட்டரியை ஒட்டியே ப்யூஸ்.

"விசிறிப் பக்கம் வைத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"வழியில் கம்பி தேய்ந்து தகட்டைத் தொட்டால், அங்கே இருக்கும் ப்யூஸுக்குச் சேதியே போகாது, சார். கம்பி பற்றிக்கொள்ளும்."

அந்த ப்யூஸின் விலை சில ரூபாய்தான். தான் எரிந்து வண்டியைக் காப்பது அதன் உத்தியோகம். ஆபத்து புறப்படும் இடத்திலேயே அதை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.