வெள்ளிக்கு, சிங்கப்பூர் தேக்காவிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வெள்ளியே, நீ சூரியனைக் கடந்த 2012 ஜூன் 6 காலை நினைவிருக்கிறதா? பஃபலோ ரோட்டு அடுக்குமாடியின் நடைபாதையில், பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தைச் சூரியனுக்குக் காட்டி, பின்னால் வெள்ளை அட்டையை நிறுத்தியிருந்தேன். மேகம் விலகியதும் வடையளவு வெளிச்சத்தில் கடுகளவு கறுப்பாய் வந்து நின்றாய். தேக்கா சந்தைக்குப் பையோடு கிளம்பிய பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "சூரியனுக்கே திருஷ்டிப் பொட்டா!" என்றார். அந்தச் சிரிப்புதான் உன்னிடம் நான் பட்ட முதல் கடன்.

வெள்ளியே, ஹாம் ரேடியோக்காரனான எனக்குச் சூரியனை அதுவரை காதால்தான் தெரியும். சூரியப் புள்ளிகள் கூடினால் அயனி மண்டலம் வலுக்கும். 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறக்கும். ஜன்னலோரக் கம்பியிலிருந்து 9வி1 என்ற சிங்கப்பூர்க் குறியோடு போகும் என் அழைப்புக்குக் கடல் தாண்டிப் பதில் வரும். அந்தப் புள்ளிகளைக் கண்ணால் பார்த்ததில்லை. உன்னைப் பிடிக்க வைத்த அட்டையில் அவையும் விழுந்தன: நீ வரைந்து வைத்தாற்போன்ற வட்டம், அவை மை சிந்திய கறை.

வெள்ளியே, நண்பகல் தாண்டி நீ இறங்கும்வரை ரிசீவரையும் போட்டே வைத்திருந்தேன். வழக்கமான இரைச்சல்தான். சூரிய முகத்தில் நீ மறைத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு; அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த மைக்கறைகளோ அலைவரிசையையே திறந்து மூடக்கூடியவை. அழகாகத் தெரிவது வேறு, ஆட்டிவைப்பது வேறு என்று ஓசையில்லாமல் சொல்லிக் கொடுத்தாய்.

வெள்ளியே, உன் பழைய வருகைகளைத் தேடப்போய்த்தான் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியை அறிந்தேன். 1874 டிசம்பர் 9 அன்று நீ சூரியனைக் கடப்பதை விளக்கி நூல் எழுதியவர். ஆங்கிலத்தோடு நில்லாமல் நம் பக்கத்து மொழிகளிலும் கொண்டுவந்தவர். அந்த முன்னோரைக் காட்டியதும் நீதான்.

வெள்ளியே, நீ ஊமையும் அல்ல. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் போஹும் நகரிலிருந்து ஹாம் ரேடியோக்காரர்கள் 20 மீட்டர் டிஷ்ஷால் உன்னை நோக்கி அலை அனுப்பினார்கள். சுமார் ஐந்து நிமிடத்தில் எதிரொலி திரும்பியது. அழைத்தவருக்குப் பதில் தரும் பண்பு உனக்கும் உண்டு. எங்கள் கூட்டத்தில் உன்னைச் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளியே, இனி நீ சூரியனைக் கடப்பது 2117-இல். நான் இருக்கமாட்டேன். அரைமணிக்கு ஒருமுறை உன் இடத்தைப் பென்சிலால் குறித்த அந்த அட்டை ரேடியோ மேசைக்கு மேலே இருக்கிறது. அதன் ஓரத்தில், நாங்கள் பேச்சை முடிக்கும்போது வாழ்த்தாகச் சொல்லும் எண்ணை எழுதியிருக்கிறேன்: 73.