நகர்பவர் நிற்குமிடம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்களிடம், கோடை முடிந்து இலைகள் பழுக்கத் தொடங்கும் பருவத்தில், வரும் குளிர்காலத்தை எந்தக் கரையில் கழிப்பது என்ற கேள்வி எழுகின்றது. இவர்களுள் ஒரு பகுதியினருக்குப் படகை ஆண்டு முழுவதும் கட்டிவைப்பதற்கான நிலையான துறை கிடையாது. அத்தகையோர் பின்பற்ற வேண்டிய விதியை 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம் வகுத்துள்ளது: நிலைத்துறை இல்லாத படகு உண்மையான பயண நோக்கத்துடன் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்; ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்கலாகாது; சூழ்நிலை கருதி நியாயமெனத் தோன்றினால் மட்டுமே அதற்கு மேற்பட்ட காலம் பொறுத்துக்கொள்ளப்படும். இச்சட்டத்தின் கீழ் வாழ்பவர்களுக்கு, 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் பெரும்பாலான கால்வாய்களைப் பராமரித்துவரும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை, நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி இறுதிவரை குறிப்பிட்ட சில கரைகளில் கட்டணம் பெற்றுக்கொண்டு தங்க இடமளிக்கிறது. குளிர்காலக் கட்டுத்துறை எனப்படுவது இதுவே.

நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமென்ற விதியையும், ஆண்டின் ஒரு பருவத்தில் நிற்பதற்கான விலக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அவற்றைவிட மிகப் பழைய ஒரு நூற்பகுதி நினைவுக்கு வருதல் இயல்பு. பாலி மொழியிலுள்ள விநய பிடகத்தின் மகாவக்கம், பௌத்தத் துறவிகளின் மழைக்காலத் தங்கலுக்கென ஓர் இயல் முழுவதையும் ஒதுக்கியுள்ளது. துறவிகள் மழையிலும் ஊர் ஊராகத் திரிந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துச் செல்வதைக் கண்ட மக்கள், பறவைகள்கூட மரவுச்சியில் கூடு கட்டிக்கொண்டு மழைக்காலத்தைக் கழிக்கும்போது இவர்கள் மட்டும் ஓயாது அலைவது முறையா என்று குறை கூறியதாகவும், அதன் விளைவாகவே மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் நெறி ஏற்பட்டதாகவும் அந்நூல் தெரிவிக்கிறது. தவிர்க்க முடியாத பணியின் பொருட்டு ஏழு நாள் வரை வெளியே சென்று திரும்பலாம். கொடுவிலங்கு, கள்வர், தீ, வெள்ளம் ஆகியவற்றால் இடர் நேர்ந்தால் தங்குமிடத்தையே விட்டு நீங்கலாம், அது குற்றமாகாது. நியாயமான சூழ்நிலைக்கு இடம்விடும் பிரிட்டிஷ் சட்டத்தின் தொடர், அவ்வியலில் இவ்வாறு விரிவாகவே எண்ணிப் பார்க்கப்பட்டிருக்கிறது.

எங்குத் தங்குவது என்பதைப் பற்றி அந்நூல் சொல்வது இன்னும் சுவையானது. மரப்பொந்தில் தங்கியவர்களைப் பேய்கள் என்றும், மரக்கிளையின் கவட்டில் தங்கியவர்களை வேடர்கள் என்றும், குடையின் கீழ்த் தங்கியவர்களை மாடு மேய்ப்பவர்கள் என்றும் மக்கள் எள்ளியதால் அவ்விடங்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. திறந்தவெளியும் பிணமிடும் கொட்டகையும் பெரிய நீர்ச்சாடியும் அவ்வாறே விலக்கப்பட்டன. ஆனால் மாட்டுக் கொட்டிலிலும், வணிகச் சாத்திலும், படகிலும் மழைக்காலத்தைக் கழிக்க விரும்பியவர்களுக்கு இசைவு கிடைத்தது. கொட்டில் இடம்பெயர்ந்தால் அதனுடன் துறவியும் பெயர்ந்து செல்லலாம் என்றும் கூறப்பட்டது. அசையாத மரப்பொந்து தகாதென்றும் அசையும் படகு தகுமென்றும் தீர்ப்பளித்த அந்தப் பட்டியலின் உள்ளே ஒரு தெளிவான எண்ணம் இருப்பதாகக் கொள்ளலாம்: தங்குமிடத்தைத் தங்குமிடமாக்குவது மண்ணோடு கொண்ட பிணைப்பன்று, மேலே ஒரு கூரை, அருகே உணவும் நீரும், சூழ மனிதர் ஆகியவையே அதனை ஆக்குகின்றன.

கால்வாய்க் கரையில் இடம் தேடுபவர்கள் இந்த எண்ணத்தை நடைமுறையில் நாள்தோறும் சோதித்துப் பார்க்கின்றனர். இவர்களுடைய படகு பெரும்பாலும் நாரோபோட் எனப்படும் ஒடுங்கிய படகாகும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலிய பொறியாளர்கள் மத்திய இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏறத்தாழ 7 அடி அகலமுள்ள நீர்ப்பூட்டுகளை அமைத்ததால், அதற்குள் நுழையும்படி 6 அடி 10 அங்குல அகலத்தில் அது கட்டப்படுகிறது. நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவுகள் கொண்ட தொட்டி. அதில் நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஒரு மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்திற்கு ஏற்றி இறக்குவர். இந்த ஒடுங்கிய வீட்டுக்குள் குடிநீர்த் தொட்டி, கழிவுக்கலம், மின்கலங்கள், நிலக்கரியோ விறகோ எரியும் இரும்பு அடுப்பு ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தீர்ந்தோ நிரம்பியோ விடுவதால், நீர்க்குழாய், கழிவு கொட்டுமிடம், எரிபொருள் விற்கும் படகின் வழித்தடம் ஆகியவை எட்டும் தொலைவில் இருக்கின்றனவா என்பதே முதல் ஆராய்ச்சியாகிறது.

அடுத்தது கரையின் இயல்பு. கால்வாயின் படுகை நடுவில் ஆழ்ந்தும் ஓரங்களில் மேடிட்டும் இருப்பதால், கரையை ஒட்டிக் கட்டப்படும் படகின் அடிப்பகுதி பல இடங்களில் தரைதட்டிச் சாய்ந்து நிற்கும். இரும்புத் தகடுகள் அடிக்கப்பட்ட கரையில் கொக்கியை மாட்டிக் கயிற்றைக் கட்டலாம். மண்கரையில் இரும்பு முளைகளை அடிக்க வேண்டியிருக்கும், தொடர்மழையில் ஊறிய மண்ணோ கடந்து செல்லும் படகின் ஓர் இழுப்பிலேயே முளையை விட்டுவிடும். இரு நீர்ப்பூட்டுகளுக்கு இடையேயுள்ள குறுகிய நீர்ப்பரப்பும் ஏற்றதன்று. கதவில் சிறு கசிவு இருந்தாலும் ஒரே இரவில் நீர் வடிந்து படகு சேற்றில் அமர்ந்துவிடக்கூடும். ஆற்றுப் பகுதிகளில் இதற்கு நேர்மாறான அச்சம் உண்டு: வெள்ளம் ஏறும்போது கயிறு இறுக்கமாக இருந்தால் படகு ஒருபுறம் அமிழும், தளர்வாக இருந்தால் கரையின் மேலேறி, நீர் வற்றியபின் அங்கேயே தங்கிவிடும். ஆகவே வெள்ளம் எட்டாத, நீர்மட்டம் மாறாத நீண்ட கால்வாய்ப் பகுதியே அனுபவமுள்ளவர்களின் தேர்வாக அமைகிறது.

அதன்பின் வெயில். பர்மிங்காம் நகரின் அட்சத்தில் டிசம்பர் மாத இறுதியில் நண்பகற் கதிரவன் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 14 பாகை உயரமே ஏறுகிறது. தெற்கில் ஒரு மேடோ மரவரிசையோ இருந்தால் பகல் முழுவதும் நிழலில் கழிந்துவிடும். கோடையில் விரும்பித் தேடப்பட்ட மரநிழல் இப்போது கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளுக்குப் பகையாகிறது. புயற்காற்றில் முறிந்து விழும் கிளை படகுக்கே பகையாகிறது.

நின்றுகொண்டிருக்கும் இடம் நல்லதாயினும், அங்கிருந்து செல்லும் வழி அடைபட்டுவிடலாம். நீர்ப்பூட்டுகளின் மரக்கதவுகள் சுமார் 25 ஆண்டுகளே உழைக்கக்கூடியவை. படகுப் போக்குவரத்து குறைந்த குளிர்காலத்தில் கால்வாயின் பகுதிகளை அடைத்து, நீரை வடித்து, அவற்றை மாற்றுகின்றனர். இவ்வடைப்புகளின் பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்படுகிறது; அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இரு அடைப்புகளுக்கு இடையே சிக்கினாலும் நீர்க்குழாயும் எரிபொருளும் உள்ளே இருக்குமாறு இடத்தைத் தேர்வது இப்படகு மக்களின் முக்கியமான கலைகளுள் ஒன்று. பனிக்கட்டியோ பட்டியலிட்டு வருவதில்லை. 1962 டிசம்பர் இறுதியில் உறைந்த கால்வாய்கள் 1963 மார்ச் தொடக்கம்வரை பல இடங்களில் இளகவில்லை. 1963 ஜனவரி முதல் நாளன்று பொறுப்பேற்ற பிரிட்டிஷ் நீர்வழி வாரியம் அவ்வாண்டிலேயே தன் சரக்குப் படகுத் தொழிலின் பெரும்பகுதியைக் கைவிட்டது. ஏற்றிய சரக்கின் எடைக்கும் பயணத்திற்கும் கூலி பெற்ற குடும்பங்களுக்கு, நிற்றல் என்பது ஓய்வாக இராமல் வருவாயின்மையாகவே இருந்தது.

சரக்குப் படகுகளில் வாழ்ந்த இத்தகைய குடும்பங்களைப் பற்றி அதற்கு முன்பே 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டன் எழுப்பிய கேள்வியும் இடத்தைப் பற்றியதே. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர், ஏறத்தாழ 10 அடி நீளமுள்ள பின்னறைக்குள் பெற்றோரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த நிலையை எதிர்த்து இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தார். அதன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. அதன்படி, குடியிருப்பாகப் பயன்படும் ஒவ்வொரு படகும் ஏதேனும் ஓர் ஊரைச் சேர்ந்ததாகப் பதிவு செய்யப்பட வேண்டும். அப்படகிலுள்ள பிள்ளைகள் கல்விச் சட்டங்களின் பொருட்டு அவ்வூரில் வசிப்பவர்களாகவே கொள்ளப்படுவர். அசையும் வீட்டிலுள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்க்க அரசிடம் இருந்த வழி, அக்குழந்தைக்கு ஓர் ஊரை ஏற்படுத்தித் தருவதாகவே இருந்தது. அந்நோக்கம் நல்லதே, ஆனால் பதிவேட்டிலுள்ள ஊரும் படகு நின்ற கரையும் வெவ்வேறாக இருந்தவரை, பிள்ளைகள் பள்ளிக்குத் தொடர்ந்து செல்லப் பதிவு மட்டும் போதவில்லை. நாலைந்து வாரம் சேர்ந்தாற்போல் ஒரே கரையில் நிற்க முடிந்திருந்தால், அது அச்சட்டத்தின் பல பிரிவுகளைவிட அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

நிற்பதற்கு ஒரு கரை கிடைத்தால் என்ன விளையும் என்பதற்குக் கால்வாய் வரலாற்றில் டார்டிபிக் என்னும் சிற்றூர் சான்றாக நிற்கிறது. வூஸ்டர்–பர்மிங்காம் கால்வாயில், தொடர்ச்சியாக 30 நீர்ப்பூட்டுகள் படகை 220 அடி உயர்த்தி இவ்வூரின் அருகே மேல்மட்டத்தில் கொண்டுவிடுகின்றன. பிரிட்டனில் இதனினும் நீண்ட நீர்ப்பூட்டு வரிசை இல்லை. எந்த ஆற்று வெள்ளமும் எட்டாத அந்த மேல்மட்டத்தில், எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியாளரும் எழுத்தாளருமானவர் தம் ‘கிரெஸ்ஸி’ என்ற படகை 1941 முதல் 1946 வரை கட்டியிருந்தார். அவரும் அவர் மனைவி ஏஞ்சலாவும் 1939 கோடையில் பான்பரியிலிருந்து அப்படகில் புறப்பட்டவர்கள். திரிந்து வாழ்வதே அவர்களுடைய திட்டமாக இருந்தது. உலகப்போரும் போர்க்காலப் பணியும் அத்திட்டத்தைக் குலைத்து அவர்களை ஒரே கரையில் ஐந்தாண்டுகள் நிறுத்தின. அப்பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய ‘நாரோ போட்’ என்னும் நூல், பதிப்பகங்கள் சிலவற்றால் மறுக்கப்பட்டு, இறுதியில் 1944இல் வெளிவந்தது. அதனைப் படித்த ராபர்ட் ஐக்மன் என்னும் எழுத்தாளர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, 1945 ஆகஸ்டில் டார்டிபிக் கரைக்கே வந்து அவரைச் சந்தித்தார்; அச்சந்திப்பின் தொடர்ச்சியாக 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. கைவிடப்பட்டுத் தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காக்கவும் மீட்கவும் நிகழ்ந்த நீண்ட இயக்கம் அதிலிருந்தே வலுப்பெற்றது. நகர்ந்த படகு ஒரு நூலைத் தந்தது. நின்ற படகு, அந்நூலைப் படித்தவர் தேடிவந்து கதவைத் தட்டுவதற்கு ஒரு முகவரியைத் தந்தது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று படகுகள் செல்லும் கால்வாய்களுள் சில இல்லாமற்போயிருக்கும்.

எனவே குளிர்காலக் கட்டுத்துறையை, திரிந்து வாழ்பவர்களுக்கு விற்கப்படும் ஒரு வசதியாகவோ அவர்கள் தம் கொள்கையிலிருந்து வழுவியதன் அடையாளமாகவோ கருதுவது பொருந்தாது. வீடுள்ளவர் ஒருமுறை தீர்மானித்து மறந்துவிடும் நீர், வெளிச்சம், அண்டை, பள்ளி, மருத்துவர் என்பவற்றை இவர்கள் ஆண்டுதோறும் புதிதாக எண்ணித் தீர்மானிக்கின்றனர். அவ்வாறு எண்ணுவதற்கு ஏற்ற கரைகள் போதிய அளவில் இருந்தால்தான் தீர்மானம் என்பதற்கே பொருளுண்டு. முதியவரும் நோயாளியும் பள்ளிப்பிள்ளைகளும் வாழும் படகுகள் உறைபனியில் 14 நாட்களை எண்ணிக்கொண்டிராமல் நிற்பதற்கு, நீரும் வழியும் உள்ள கரைகளை மிகுதியாகவும் எளிய கட்டணத்திலும் திறந்துவைப்பது நீர்வழிகளைப் பராமரிப்பவர்களின் கடமைகளுள் முதன்மையானது. துறவிக்கு மழைக்காலத்தை வகுத்தவர்கள் அவர் இனி நடக்கலாகாது என்று கருதவில்லை. மழை விட்டபின் மீண்டும் நடக்கவேண்டும் என்பதற்காகவே நிற்க இடம் கொடுத்தனர்.