விரல் தொட்டால்தான் விதை

ஐப்பசி மாதத்துக் காலை எட்டு மணிக்குத் திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கத்துக் காடுகளுக்குப் போனால், கம்பிப் பந்தல்களுக்கு நடுவே பெண்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டு நகர்வதைப் பார்க்கலாம். பறிப்பதில்லை, தொடுவதோடு சரி. விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று சொல்லும் செங்காந்தளுக்கு மகரந்தச் சேர்க்கை நடக்கும் நேரம் அது. நம் மாநில மலர் இதுதான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வரை இதன் விதையை நம்பிப் பல குடும்பங்கள் இருப்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

பூவின் அமைப்பைப் பார்த்தால் இந்த வேலை ஏன் என்பது புரியும். தலைகீழாகத் தொங்கும் பூவில் ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. மகரந்தத் தாள்கள் ஆறும் சுற்றிலும் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீள்கிறது. அதன் நுனியில் மூன்று பிளவு. சொந்த மகரந்தம் அங்கே போய்ச் சேருவது அரிது. காட்டுக் கொடிகளுக்குத் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் போதும். ஏக்கர் கணக்கில் நிற்கும் பயிருக்குப் போதாது.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு பூவிலிருந்து மகரந்தத் தாளைக் கிள்ளி, விரல் இடுக்கில் பிடித்து, அடுத்த கொடியின் பூவில் அந்த மூன்று பிளவின் மேல் மஞ்சள் பொடி படும்படி ஒற்றுகிறார். அவ்வளவுதான். ஆனால் எந்தப் பூவை ஒற்றுவது? விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், நாளாக ஆக முழுச் சிவப்பு. “முழுசாச் செவந்தது பழசு, அத உட்ரு கண்ணு. மஞ்சளும் பச்சையுமா இருக்கறதத் தொடு” என்றார். நான் ஒன்றைத் தேடி முடிப்பதற்குள் அவர் ஏழெட்டுக் கொடிகளைக் கடந்திருந்தார். பிறகு திரும்பிப் பார்த்து, “கையக் கழுவாம கண்ணுகிண்ணத் தொட்டராத” என்றார். கிழங்கு, விதை என்று செடி முழுவதுமே நஞ்சு.

அந்த நஞ்சுக்குத்தான் விலை. விதையிலிருந்து எடுக்கும் கால்ச்சிசின் கௌட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. செடிகளின் குரோமோசோம்களை அது இரட்டிப்பாக்கும் என்று 1937-இல் தெரியவந்தபின் பயிர்ப் பெருக்கத்திலும் இடம்பிடித்தது. வீட்டுத் தோட்டத்தில் டேலிலி வளர்ப்பவர்கள் இதை அறிய வேண்டும். 22 குரோமோசோம் கொண்ட டேலிலியை 44 ஆக்கி, தடித்த இதழும் அழுத்தமான நிறமும் கொண்ட வகைகளை அமெரிக்கர்கள் உருவாக்கியது கால்ச்சிசினைக் கொண்டுதான். இன்றும் அங்கே புதுவகை தேடுகிற ஆர்வலர்கள் காலையில் தோட்டத்தில் இறங்கி, மகரந்தத் தாளைக் கிள்ளி, இன்னொரு பூவின் சூல்முடியில் ஒற்றுகிறார்கள். மூலனூரில் பார்த்த அதே கையசைவு. அங்கே பிறக்கும் வகைக்கு ஒரு பெயர் உண்டு, அதை உருவாக்கியவர் பெயரும் பதிவேட்டில் ஏறும். இங்கே அதே நுட்பத்துக்கு அன்றைய கூலி மட்டும்தான். எனக்கு இது உறுத்துகிறது.

கிழங்கைக் கையாள்வதும் லேசான வேலை அல்ல. கலப்பை போல் வளைந்த கிழங்கின் நுனியில் இருக்கும் முளை ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். ஆடியை ஒட்டி நட்டு, கொடியேற்றி, இலைநுனிச் சுருள் கம்பியைப் பற்றும்வரை தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு கிளுவையிலும் விராலியிலும் படரவிட்டார்கள், இப்போது பெரும்பாலும் கம்பி. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் மகரந்தம் கரைந்து அன்றைய வேலை போச்சு.

நட்டதிலிருந்து ஆறு மாதம் ஆகும்போது காய் முற்றித் தோல் சுருங்குகிறது. பறித்து நிழலில் உலர்த்தினால் செம்மணி விதைகள் உதிர்கின்றன. எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ வந்தால் நல்ல விளைச்சல். அதன் விலையை வியாபாரிதான் சொல்கிறார், ஆண்டுக்காண்டு அது ஏறி இறங்குகிறது. விதைக்கு அரசு குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். காட்டுக்காரர் என்னிடம் சொன்னதும் அதையேதான். விலை நிலைத்தால், பூத்தொடும் அம்மாக்களின் கூலியைத் தாராளமாக ஏற்றித் தருவேன் என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.