பதிவேட்டில் ஏறாத பேரொலி

உலகில் எழுந்த பேரொலிகளையெல்லாம் மனிதன் அளந்து எழுதி வைத்திருக்கிறான். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் மனித உடலின் ஒலிகளுக்கும் இடம் உண்டு. 1993இல் சுவீடன் நாட்டு மருத்துவமனை ஒன்றில் ஒருவருடைய குறட்டை 93 டெசிபல் எனப் பதிவாயிற்று. 1994இல் வட அயர்லாந்தைச் சேர்ந்த அன்னலிசா என்னும் பெண்மணி எழுப்பிய கூச்சலோ 121.7 டெசிபல். அவர் தொண்டை கிழியக் கத்திய சொல் எது தெரியுமா? 'அமைதி' என்பதே! டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகப் பெருகும் என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கூச்சலின் வலிமை விளங்கும்.

இயற்கை வாய் திறந்தால் மனிதக் குரல் எம்மாத்திரம்? 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் காலையில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அவ்வொலி இலங்கையில் கேட்டது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொட்ரிக்ஸ் தீவில், நான்கு மணி நேரம் கழித்துப் பீரங்கி முழக்கம்போல் கேட்டது. செவிக்கு எட்டாத அதன் காற்றலை உலகையே பலமுறை சுற்றி வந்ததை அந்நாளைய காற்றழுத்தமானிகள் பதிவு செய்தன.

இவற்றைப் படித்து நாம் வியக்கிறோம். ஆனால், நம் மக்களின் செவியைப் பறிக்கும் ஒலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அது வெடிப்பதில்லை, நாள்தோறும் ஓடுகிறது.

நாம் வாழும் கொமரலிங்கம் அமராவதி ஆற்றங்கரை ஊர். வயல் சூழ்ந்த ஊராயினும் சுற்றுவட்டாரம் முழுவதும் நூலாலும் துணியாலும் பிழைப்பது. நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் செல்வோர் இங்கு ஏராளம். தறிக்கூடத்தில் 90 டெசிபலுக்கு மேல் இரைச்சல் எழுவது வழக்கமே. பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, நெடுங்காலம் தறி ஓட்டிய பெரியவர்கள் நம் வாயசைவையே உற்று நோக்குவதைக் காண்கிறோம். "காதுல விழுகுதுங்க சாமி, என்னன்னுதான் புரியலைங்க" என்கிறார்கள்.

அதன் காரணத்தை மருத்துவம் விளக்குகிறது. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் இரைச்சலால் மெல்ல மெல்ல மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ச, ஸ போன்ற மெல்லொலிகளும் பறவைகளின் கீச்சொலியும் முதலில் மறைகின்றன. வலி இல்லை, ஆதலால் இழப்பும் தெரிவதில்லை. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது என்றும், மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் வல்லுநர்கள் வகுத்துள்ளனர். அக்கணக்கின்படி 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமே எல்லை. ஆனால், ஒரு ஷிப்டு எத்தனை மணி நேரம் என்பதை உழைப்பவர் அறிவர்.

இது புதிய செய்தி அன்று. செம்பு தட்டும் தொழிலாளர் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1713இலேயே எழுதினார். நம் நாட்டிலும் தொழிற்சாலைச் சட்டத்தின் 1987ஆம் ஆண்டுத் திருத்தம், இரைச்சலால் வரும் செவிக் குறைபாட்டை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. அறிவும் சட்டமும் இருந்தும் காதுகள் காக்கப்படவில்லையென்றால், குறை நம் அக்கறையில்தான் இருக்கிறது.

முதலாளிகளாய் இருக்கும் அன்பர்கள் காதடைப்பான்களை வாங்கிக் கொடுப்பது பெருஞ்செலவன்று. ஆண்டுக்கொருமுறை செவிப் பரிசோதனை செய்விப்பதும் இயலாததன்று. இளைஞர்களே, 'பழகிவிட்டது' என்று சொல்லாதீர்கள். காது இரைச்சலுக்குப் பழகுவதில்லை, தோற்றுப்போகிறது. இல்லத்தாரோ, கேளாத பெரியவரிடம் எரிந்து விழாமல், அவர் எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். அவர் இழந்த செவி, நாம் உடுத்தும் துணிக்காகக் கொடுத்த விலை.